அன்னம்மாள் இல்லம் மலையேறிய வாரம்

வீடு அடிவாரத்துக்கு வந்துவிட்டது என்று சூசை ஓடி வந்து சொன்னபோது மனோன்மணி குடிலின் படிக்கட்டில் உட்கார்ந்து, பூட்ஸுக்குள் புகுந்து கணுக்காலைக் கவ்விக்கொண்டிருந்த அட்டையின் மேல் உப்பை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எந்த வீடு என்று அவள் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? மதுரை பைபாஸ் ரோட்டுக்குப் பின்னால், மஞ்சள் சுவரும் பச்சை கிரில்லுமாக, வாசல் நெற்றியில் மாமியார் பெயரைக் கருங்கல்லில் பதித்துக்கொண்டு, இருபத்தேழு வருஷமாக அவள் கையால் கூட்டித் துடைக்கப்பட்டு, கல்யாணம் கருமாதி எதற்குப் போனாலும் சாயங்காலம் விளக்கேற்றத் திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பிப் பழகிவிட்ட அன்னம்மாள் இல்லத்தைத் தவிர, இவ்வளவு ரோஷம் வேறு எந்த வீட்டுக்கு இருக்கப்போகிறது?

"கொண்டை ஊசி வளைவுல திரும்ப முடியாம நிக்குதாம்க்கா," என்றார் சூசை. குடிலுக்குக் காவலும் சமையலும் அவர்தான். "முன்னாடி ஒரு பஸ்ஸு, பின்னாடி ஒரு பஸ்ஸு. மொட்டை மாடித் தொட்டியில இருந்து தண்ணி சலசலன்னு ரோட்டுல ஊத்துதாம்."

"மூடியைச் சரியா மூடியிருக்க மாட்டாரு," என்று சொல்லிவிட்டு மனோன்மணி அட்டையைச் சுண்டி எறிந்தாள்.

அந்தத் தகரக்கூரைக் குடில் கான்வென்ட் சிஸ்டர்கள் கோடைக்கு வந்து தங்குவதற்காக எப்போதோ கட்டியது. பழைய மாணவிகள் ஒன்பது பேர், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், ஒரு வாரத்துக்கு அதைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். தலைமை பிலோமினா; பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள், ரிட்டயர் ஆகியும் கழுத்து விசிலைக் கழற்றாதவள். தினமும் காலையில் குடிலிலிருந்து ஒரு திசைக்கு நடப்பது, பொழுது சாய்வதற்குள் குடிலுக்கே திரும்புவது, சோலைக்காடு, அருவி, புல்மேடு என்று நாளுக்கு ஒன்று, கடைசி நாள் ஒத்தைப்பல் என்று அவள்தான் திட்டம் போட்டிருந்தாள். எல்லாப் பற்களும் கொட்டிப்போன வாயில் மிஞ்சிய ஒன்றைப் போல, மலை முகட்டில் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும் பாறைதான் ஒத்தைப்பல்.

மனோன்மணி காற்று வாங்க வரவில்லை. அந்தப் பாறைக்காகத்தான் வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் இதே குடிலுக்கு இதே பிள்ளைகளோடு வந்தபோது, "மோனி வைக்கிற ரசம் யாருக்கும் வராது" என்று சிஸ்டர் பெனடிக்டா முதுகில் தட்டிக்கொடுத்து, மற்ற எல்லோரையும் பாறைக்குக் கூட்டிக்கொண்டு, அவளை மட்டும் அடுப்படியில் விட்டுவிட்டுப் போனார்கள். பாராட்டு என்று நினைத்து அன்றைக்கு இளித்துக்கொண்டு நின்றாள். அந்த இளிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். இந்தத் தடவை பாறையின் மேல் நின்றுவிட்டுத்தான் கீழே இறங்குவது. அதற்குக் குறுக்கே முட்டிவலி வந்தாலும் சரி, மழை வந்தாலும் சரி, புருஷன் வந்தாலும் சரி. வீடு வரும் என்று மட்டும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

ஊரை விட்டுக் கிளம்பும்போது மாவு அரைத்து வைத்து, பொடி இடித்து வைத்து, எது எந்த டப்பாவில் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் வந்தாள். அவள் புருஷன் ஞானவேல், காலேஜில் முப்பது வருஷம் பௌதிகம் நடத்தியவர், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். முதல் நாள் சோலைக்காட்டிலிருந்து திரும்பி, சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையின் மேல் ஏறி நின்றபோது போன் அடித்தது: "ஏய் மனோ, உளுத்தம்பருப்பு எதுல இருக்கு?" சொன்னாள். மறுநாள் அருவியிலிருந்து திரும்பியபோது மறுபடி அடித்தது: "பெருங்காயம்?" அவள் போனை அணைத்து, அழுக்குச் சாக்ஸுக்குள் செருகி, பையின் அடியில் போட்டாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் விளக்கெரியவில்லை, அடுப்பெரியவில்லை, வாசலில் கோலமில்லை, வீடு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டது. மாடு எழுவதைப் போலப் பின்கட்டை முதலில் தூக்கி, ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு முன்வாசலைத் தூக்கியதாம். பக்கத்து வீட்டு அம்மா தன் சேலை அந்த மாடிக் கொடியில் காய்கிறதே என்று மட்டும் கத்தினாளாம். உசிலம்பட்டியில் அதைப் பார்த்தவர்கள் ஏதோ கட்சி மாநாட்டுக்குப் போகிறது என்று நினைத்து வழி விட்டார்களாம். ஆண்டிபட்டி கணவாயில் அது லாரிகளுக்கு ஒதுங்கி ஓரமாக நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்ததாம். தேனியில் ஒரு டீக்கடைக்காரர் ஜன்னல் வழியாக ஞானவேலுக்கு ஒரு டீ நீட்ட, அவர் குடித்துவிட்டுச் சர்க்கரை கம்மி என்றாராம். எல்லாம் பிறகு காதில் விழுந்தவை. இதில் எதற்கும் யாரும் வாயைப் பிளந்ததாகத் தெரியவில்லை. வீட்டை விட்டுப் போன பெண்பிள்ளையை வீடு தேடிப் போகிறது, அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று ஆண்டிபட்டியில் ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டாராம். அந்தப் பெரியவர் மட்டும் கையில் கிடைத்தால் என்று மனோன்மணி நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் புல்மேட்டிலிருந்து திரும்பிய சாயங்காலம் வீடு குடிலுக்குப் பக்கத்தில், வழி தவறி வந்த டவுன் பஸ் மாதிரி, மூடுபனிக்குள் உட்கார்ந்திருந்தது. கொல்லை முருங்கைமரம்கூட வேரோடும் மண்ணோடும் பின்னாலேயே வந்து நின்றது. கிரில் கேட்டுக்குப் பின்னால் ஞானவேல், குரங்குக் குல்லாயும் வேட்டியுமாக.

"நீங்களுமாங்க?"

"நான் எங்க வந்தேன்? நான் ஹால்ல பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தேன். வீடுதான் வந்துச்சு."

"எறங்கியிருக்கலாமே."

"ஓடுற வீட்டுல இருந்து எப்படி எறங்குறது? கீழ விழுந்தா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, வந்தது வந்தாச்சு. ஒரு காப்பி போடு மனோ. குளிருது."

"நான் லீவுல இருக்கேன்," என்று சொல்லிவிட்டு மனோன்மணி குடிலுக்குள் போய்ச் சூசை போட்ட கட்டங்காப்பியை, வாயைச் சுளித்துக்கொண்டே, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

மறுநாள் காலை வனத்துறைக் காவலர் வந்தார். காக்கிச் சட்டை இளைஞர்; வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், அஸ்திவாரத்தைக் குனிந்து பார்த்தார்.

"ரிசர்வ் காட்டுக்குள்ள கட்டடம் கட்டக் கூடாது மேடம்."

"நான் கட்டலை தம்பி. அதுவா வந்துச்சு."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "வந்ததுக்கு ரூல் இல்லை," என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தது. ஆகவே சமையலறைக்குள் போய், கதவுக்குப் பின்னால் அவள் வருஷக்கணக்கில் மடித்து மடித்துச் சேர்த்து வைத்திருந்த கேரிபேக்குகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வெளியே வந்தார். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "ஒத்தைப்பல்லுக்குத் தனியா யாரும் போகக் கூடாது. காட்டெருமை நடமாட்டம் இருக்கு. கூட்டமா போனா விடுவோம், ஒத்தை ஆளை விட மாட்டோம்."

கூட்டத்துக்கு என்ன குறைச்சல் என்றுதான் மனோன்மணி அப்போது நினைத்தாள்.

வீட்டுக்குள் முதலில் போனவள் நசீமா. பள்ளிக்கூடத்தில் மனோன்மணிக்குப் பக்கத்து பெஞ்சு, வாயைத் திறந்தால் மூடாதவள். "அடியே மோனி, உன் வீட்டுல ஹீட்டர் இருக்குடி! சுடுதண்ணி! இங்க சூசையண்ணன் ஒரு சொம்புல மொண்டு குடுக்குறாரு, காது கழுவக்கூடப் பத்தலை." துண்டும் சோப்புமாகப் போனவள், வாசலில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். அன்னம்மாள் இல்லத்து வாசலைச் செருப்போடு யாரும் தாண்டியதில்லை. பிளம்பரையும், கேஸ் சிலிண்டர் ஆளையும், ஒரு தடவை நெஞ்சுவலிக்கு வந்த டாக்டரையும் மனோன்மணியே கழற்றவைத்துத்தான் உள்ளே விட்டிருக்கிறாள். குளித்துவிட்டு வந்த நசீமா சோபாவில் சும்மா ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். அன்றைய நடைக்கு அவள் வரவில்லை.

அப்புறம் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டதாம். இன்னொருத்திக்கு சீரியலில் அந்த வாரம்தான் கோர்ட் சீன். பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டுப் பெண்களும் கொழுந்து பறித்துவிட்டுப் போகிற வழியில், கொழுந்துக் கூடையை முருங்கைக்குக் கீழே இறக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, ஹாலில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தக் குளிரில் காற்றாடியைப் போடச் சொல்லி அண்ணாந்து பார்த்தார்கள். முருங்கையிலிருந்து கீரை உருவிக்கொண்டு போனார்கள். யாரோ வாசலில் கோலம்கூடப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு முகம் தெளிந்து, மஞ்சள் சுவர் மினுமினுத்தது. நாளுக்கு நாள் வாசலில் பூட்ஸ் ஜோடிகள் கூடிக்கொண்டே போயின, நடைக்கு வரும் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். வீடு ஒவ்வொருத்தியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது, அதுவும் வெறுங்காலோடு வருகிறவளைத்தான் இழுத்துக்கொள்கிறது என்று மனோன்மணிக்குப் புரிந்தபோது, பிலோமினாவே விசிலை ஆணியில் மாட்டிவிட்டு, ஞானவேலின் சாய்வு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள்.

மனோன்மணி வாசலுக்கு வெளியே, கோலத்துக்கு இந்தப் பக்கமாக நின்று கூப்பிட்டாள்.

"பிலோ, நாளைக்கு ஒத்தைப்பல்."

"மோனி..." பிலோமினா அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "எல்லாரும் டயர்டா இருக்காங்கடி. பாறை எங்க போகப் போகுது? ஒண்ணு செய்வோம். நாளைக்கு ரெஸ்ட். நீயும் உள்ள வா, கேஸ் இருக்கு, புளி இருக்கு, தக்காளி இருக்கு. உன் கையால ஒரு ரசம்..."

"சிஸ்டர் பெனடிக்டா செத்துப் போயிட்டாங்கன்னு நெனச்சேன்," என்றாள் மனோன்மணி. "உனக்குள்ளதான் உக்காந்திருக்காங்க போல."

உள்ளே யாரோ சேனல் மாற்றினார்கள்.

கடைசி நாள் விடிந்தபோது ஒன்பது பேரில் மனோன்மணி மட்டும்தான் குடிலில் இருந்தாள். வெளியே வந்து பார்த்தால் வீட்டைக் காணோம். ஈரப்புல்லில் அது நகர்ந்து போன தடம் மேலே மேலே போனது. சூசை ஆளுக்கு ஒன்றாகக் கட்டிக்கொடுத்த புளிச்சாதப் பொட்டலங்களை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு அவள் அந்தத் தடத்திலேயே ஏறினாள். ஒத்தைப்பல்லுக்குப் போகும் வழி ஓரிடத்தில் குதிரை முதுகு மாதிரி ஒடுங்கும். இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு, இரண்டு பக்கமும் பள்ளம். அந்த முதுகின் மேல், சுவர் இரண்டும் இரண்டு பள்ளத்தையும் தொட, அன்னம்மாள் இல்லம் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. சுற்றிப் போக ஒரு ஆட்டுக்குக்கூட இடமில்லை. முன்வாசல் அவளைப் பார்த்துத் திறந்திருந்தது. வா, வந்து குளித்துவிட்டு அடுப்பைப் பற்றவை என்றது. வாசலில் எட்டு ஜோடி பூட்ஸ், பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக.

மனோன்மணி குனிந்தாள். மூளைக்கு எட்டும் முன்பே குனிந்துவிட்டாள். இருபத்தேழு வருஷத்துப் பழக்கம், முதுகு தானாக வளைந்து, விரல் தானாகத் தன் பூட்ஸின் கயிற்று முடிச்சைத் தேடியது. முடிச்சு பாதி அவிழ்ந்தபோதுதான் தன் கையைத் தானே பார்த்தாள். அந்தக் கையை இன்னொரு கையால் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அவிழ்ந்த கயிற்றை இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டாள். பிறகு எட்டு ஜோடி பூட்ஸையும் கயிற்றோடு கயிறாகக் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அட்டையும் சாணமும் சோலைக்காட்டுச் சேறுமாக வலது காலைத் தூக்கி, கோலத்தின் மேல் வைத்து, நிலைப்படியைத் தாண்டி, தான் துடைத்த மொசைக்கின் நடுவில் ஊன்றினாள்.

எருமை ஈயை உதறுவதுபோல வீடு ஒரு தடவை தோலைச் சிலிர்த்தது. ஷோகேஸில் பீங்கான் பொம்மைகள் ஆடின. சாய்வு நாற்காலியிலிருந்து ஞானவேல் துள்ளி எழுந்தார்.

"மனோ! செருப்போட!"

"செருப்பு இல்லைங்க. பூட்ஸ்."

அடுத்த கால். அடுத்த கால். ஹாலெங்கும் பாயும் போர்வையுமாகப் படுத்துக் கிடந்தவர்களுக்கு நடுவே போய், ஆணியிலிருந்து விசிலை எடுத்து, கன்னம் உப்ப ஊதினாள். கான்வென்ட் பிள்ளைகள் அல்லவா. கண் திறப்பதற்கு முன்பே எட்டு பேரும் எழுந்து, உயர வாரியாக வரிசையில் நின்றுவிட்டார்கள். அவள் பூட்ஸை அவரவர் முன்னால் தரையில் போட்டாள். தொப்பு தொப்பென்று சேறு தெறித்தது.

"போடுங்கடி."

நசீமா தரையையும் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். "வீட்டுக்குள்ளயா? ஐயோ மோனி, வேணாம்டி. கையில எடுத்துக்குறோம். பின்வாசலுக்கு அந்தாண்ட போய்ப் போட்டுக்கலாம்."

"பின்வாசல் வரைக்கும் வெறுங்காலோட நடந்தா நடுவுல சோபா இருக்கு. சோபாவில உக்காருவ. உக்காந்தா சுடுதண்ணி கேப்ப. அப்புறம் ரசம் கேப்ப. எனக்குத் தெரியாதா உன்னை? இங்கயே போடு."

"பாவம்டி வீடு."

"வீடு பாவம்னு எனக்குச் சொல்லிக்குடுக்கிறியா?" மனோன்மணியின் குரல் கொஞ்சம் உடைந்தது, ஆனால் தாழவில்லை. "துடைச்சவ நான். நான் சொல்றேன். போடு."

முதலில் குனிந்தது பிலோமினா. தலை நிமிராமல், ஒவ்வொரு கயிறாக இழுத்துக் கட்டி, எழுந்து நின்று, காலைத் தரையில் ஓங்கித் தட்டினாள். அதற்குப் பிறகு எல்லோரும். சேற்றுக் கால்கள் ஹாலைத் தாண்டி, பூஜை அலமாரியைத் தாண்டி, சமையலறைக்குள் நுழைந்தன. அடுப்பில் குக்கர் உட்கார்ந்திருந்தது. ஞானவேல் பின்னாலேயே ஓடி வந்தார். வீட்டுக்குள் அவர் அவள் பின்னால் ஓடி வந்தது அதுதான் முதல் தடவை.

"நானே பருப்பு வச்சிருக்கேன் மனோ. எத்தனை விசில் விடணும்? அதையாவது சொல்லிட்டுப் போ."

அவள் நேரே பின்கதவுக்குப் போனாள். பின்கதவுத் தாழ்ப்பாள் வழக்கம்போல இறுகிக் கிடந்தது. அதை மேலே தூக்கிக்கொண்டு, அதே நேரத்தில் கதவை முட்டியால் இடித்தால்தான் திறக்கும். அந்த வீட்டில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வலிக்கிற முட்டியாலேயே இடித்தாள். கதவு மலையைப் பார்த்துத் திறந்தது. காற்று உள்ளே புகுந்து, காலண்டரைச் சுழற்றி, முன்வாசல் வழியாக வெளியே போனது.

எஸ்டேட் பெண்கள் இன்றைக்கும் அந்த ஒடுங்கிய மேட்டைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றுவதில்லை, கழற்றியிருந்தாலும் அந்த இடத்தில் போட்டுக்கொண்டுதான் தாண்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால், அப்படித்தான் என்கிறார்கள்.

காவலர் வழியில் நின்று தலைகளை எண்ணிவிட்டு ஒதுங்கினார். கடைசி ஏற்றத்தில் பாறையைப் பிடித்துப் பிடித்து ஏறினார்கள். நசீமா மூச்சுக்கு ஒரு தடவை மோனியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே ஏறினாள். ஒத்தைப்பல்லின் உச்சி ஒரு சமையல் மேடை அகலம்தான் இருந்தது. மனோன்மணி முதலில் ஏறி நின்றாள். கீழே மேகம், மேகத்துக்குக் கீழே போடியும் தேனியும், அதற்கு அப்பால் எங்கேயோ பைபாஸ் ரோட்டுக்குப் பின்னால் சதுரமாக ஒரு காலி மனை. அவள் கையை விரிக்கவில்லை, கத்தவில்லை, போட்டோவுக்கு நிற்கவில்லை. நின்றாள். வேண்டிய மட்டும் நின்றுவிட்டு உட்கார்ந்து, தன் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அப்போதுதான் கீழேயிருந்து முதல் விசில் வந்தது. காற்றில் அது பக்கத்து அறையில் அடிப்பதுபோலக் கேட்டது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தபோது மனோன்மணியின் முட்டிகள் தாமாக மடங்கி, இடுப்பு தானாகப் பாறையை விட்டு எழும்பியது. மூன்றாவது விசிலுக்கு உட்கார்ந்திருந்து அந்த உடம்புக்குப் பழக்கமே இல்லை. உச்சியை ஒட்டிக் கீழே உட்கார்ந்திருந்த எட்டு பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் தன் தொடை மேல் வைத்து அழுத்தி, அடம் பிடிக்கிற பிள்ளையை உட்காரவைப்பதுபோலத் தன்னைத் தானே திரும்ப உட்காரவைத்தாள்.

நான்கு. ஐந்து. அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை. கருகின வாசனை மெல்ல மலையேறி அவர்களிடம் வந்தது. பிறகு சட்டென்று விசில் நின்றது. யாரோ கையை நீட்டி அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"அடிப்பிடிச்சிருச்சுடி," என்றாள் நசீமா, ரகசியம்போல.

"பிடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மனோன்மணி சேற்று பூட்ஸ் கால்களைப் பள்ளத்தின் மேல் தொங்கப் போட்டு, புளிச்சாதத்தில் கையை வைத்தாள்.